கம்பியைத் தொடாமலே கிட்டார் முனகுவது ஏன்?

வாசகர் கேள்வி – பதில்: இசைக்கருவிகள்

கேள்வி: கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கை ஒன்றில், மாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். மூன்று ஒற்றைச் சுருள் பிக்கப்கள் (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் காந்தச் சுருள்கள்) பூட்டிய பழைய கிட்டார் ஒன்றை அண்மையில் வாங்கினேன். சிறிய அம்ப்ளிபயரில் இணைத்தவுடன், நான் எதையும் வாசிக்காதபோதும் முனகல் ஒன்று இடைவிடாமல் கேட்கிறது. கம்பிகளில் கை வைத்தால் குறைகிறது. ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடலை மிதித்தால் அறை முழுவதும் இரைகிறது. அம்ப்ளிபயர் பிளக்கின் புவித்தொடுப்பைத் துண்டித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். செய்யவே கூடாது. கிட்டாரின் கம்பிகள் பாலத்தின் (உடலில் அவற்றைத் தாங்கும் உலோகப் பகுதியின்) வழியாகவும், கேபிளின் வெளிப்பின்னல் வழியாகவும் அம்ப்ளிபயரின் உலோகச் சட்டத்துடன் இணைந்திருக்கின்றன. அந்தச் சட்டத்தைப் பாதுகாப்பது பிளக்கின் புவித்தொடுப்பு முனை மட்டுமே. உள்ளே ஏதேனும் பழுதாகி 230 வோல்ட் மின்சாரம் சட்டத்தைத் தொட்டுவிட்டால், புவிக்கம்பி இருக்கும்போது அது நிலத்துக்குப் பாய்ந்து உருகியையோ ட்ரிப் சுவிட்சையோ விழச்செய்யும். புவிக்கம்பி இல்லாவிட்டால், அது நிலத்தை அடையும் வழி கம்பியைப் பிடித்திருக்கும் உங்கள் கையாகிவிடும். 1972ஆம் ஆண்டு ஸ்டோன் த குரோஸ் என்ற குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, சுவான்சி நகர மேடையொன்றில் மின்சாரம் தாக்கி உயிரிழந்தார். புவித்தொடுப்பில்லாத ஒலிவாங்கி ஒன்றைத் தொட்டதே அதற்குக் காரணம். 13 அம்பியர் சொக்கெட்டின் மேல் துளைக்குள் பேனாவைச் செருகி இருமுனைப் பிளக்கை ஏற்றும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. கிட்டார் அம்ப்ளிபயருக்கு அந்த வழக்கம் ஒருபோதும் வேண்டாம். உங்கள் பிளக் பொயின்டுக்கு உண்மையிலேயே புவிக்கம்பி வருகிறதா என்பதை மின்னிணைப்பாளர் ஒருவரைக் கொண்டு சோதித்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடங்களில் துளை இருக்கும், அதன் பின்னால் கம்பி இருக்காது.

இனி முனகலுக்கு வருவோம். எதையும் வாங்குவதற்கு முன், அது எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். அம்ப்ளிபயரிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். அப்போதும் முனகினால் பழுது அம்ப்ளிபயரிலேயே இருக்கிறது. கேபிளைப் பூட்டி, கிட்டாரின் ஒலிக்கட்டுப்பாட்டை முழுவதுமாகக் குறைத்தபின் சத்தம் இருந்தால் கேபிளையோ, அதைச் செருகும் ஜாக்கையோ சந்தேகியுங்கள். ஒலியைக் கூட்டும்போது மட்டும் சத்தமும் கூடினால் பிக்கப்களே அதை வாங்குகின்றன. பெடல்களை இந்தச் சோதனையின்போது முற்றாக விலக்கிவிட்டு, பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும்.

சத்தத்தின் சுரமும் பேசும். இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மிகத் தடித்த ஆறாம் கம்பியை மூன்றாவது கட்டில் (ஃபிரெட்டில்) அழுத்தினால் பிறக்கும் ஜி சுரம் 98 ஹேர்ட்ஸ். முனகல் ஏறத்தாழ அந்தச் சுரத்திலேயே இருந்தால் அது 100 ஹேர்ட்ஸ்; அம்ப்ளிபயரின் மின்வழங்கியில் உள்ள பழைய கொள்ளளவிகள் உலர்ந்துபோனால் இப்படித்தான் ஒலிக்கும். அதற்கு ஒரு எண்மம் (ஒக்டேவ்) கீழே, வயிற்றில் உணர்வது போல் இருந்தால் அது 50 ஹேர்ட்ஸ். பிக்கப் வாங்கும் காந்தப்புலத்தையோ புவித்தொடுப்புச் சுற்றையோ (இணைத்த கருவிகள் வெவ்வேறு வழிகளில் புவியைத் தொடுவதால் உருவாகும் வளையத்தையோ) தேட வேண்டும். கொள்ளளவிகள்தான் பழுது என்று தெரிந்தாலும், வால்வு அம்ப்ளிபயரைத் தாமாகத் திறக்க வேண்டாம்; பிளக்கைக் கழற்றிய பிறகும் அதனுள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கியிருக்கும்.

கம்பியைத் தொட்டால் குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல செய்தி. கம்பிகளின் புவித்தொடுப்பு சரியாக இருக்கிறது என்பதே அதன் பொருள். உங்கள் உடல் அறையிலுள்ள மின்புலத்தை அலைவாங்கி போல் ஏந்திக்கொண்டு பிக்கப்புக்கு அருகில் நிற்கிறது. கம்பியைத் தொட்டவுடன் அந்த உடலே கவசமாகிவிடுகிறது. தொடும்போது சத்தம் கூடினால்தான், ஜாக்கில் இரு இணைப்பு வயர்களும் இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். குறைகின்ற இந்த இரைச்சலுக்கு, பிக்கப்கள் அமர்ந்திருக்கும் குழியின் உட்சுவர்களிலும் பிக்கார்டின் (கிட்டாரின் முகப்பில் திருகிய பிளாஸ்டிக் தகட்டின்) உட்புறத்திலும் செப்புத் தகட்டு நாடாவை ஒட்டி, துண்டுகள் அனைத்தையும் ஒன்றோடொன்று தொடுத்து, ஒரே இடத்தில் கிட்டாரின் புவித்தொடுப்புடன் இணைப்பது மிகவும் பயன்தரும். நாடா புறக்கோட்டையில் மின்னணு உதிரிப்பாகக் கடைகளில் விசாரித்தால் கிடைக்கும். பொறுமையாகச் செய்தால் ஒரு பிற்பகல் வேலை.

ஆனால் செப்புத் தகடு மின்புலத்தைத்தான் மறிக்கும். மின்மாற்றிகளிலிருந்து வரும் தாழ்ந்த காந்த முனகலை அது தடுக்காது. பல ஆண்டுகளுக்கு முன் நான் வாடகைக்கு இருந்த அறையில் மாலை ஏழு மணிக்கு மேல் வாசிக்கவே முடியாதபடி கிட்டார் முனகியது. கேபிளை மாற்றினேன், பெடலை மாற்றினேன், பயனில்லை. ஒருநாள் தற்செயலாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு அமர்ந்தபோது சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. சுவருக்கு மறுபுறம் பக்கத்து வீட்டாரின் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருந்தது; அவர்கள் வீடு திரும்பித் தொலைக்காட்சியைப் போடும் நேரம் அது. நீங்களும் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியோடு ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் முனகல் ஏறத்தாழ மறையும். அந்தக் கோணத்தில் உட்காருவதற்குச் செலவே இல்லை.

நிரந்தரத் தீர்வு வேண்டுமானால், எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களைச் சேர்த்து முனகலை ரத்துச் செய்யும் ஹம்பக்கர் வகைப் பிக்கப்பே வழி. கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1957இல் கிட்டார்களில் வரத் தொடங்கிய அமைப்பு அது. உங்கள் கிட்டாரின் நடுப் பிக்கப் எதிர்ச்சுற்றாக இருந்தால், பிக்கப்களைத் தெரிவுசெய்யும் ஐந்து நிலைச் சுவிட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளிலேயே முனகல் குறைவதைக் கேட்கலாம். ஒற்றைச் சுருளின் தெளிந்த குரலை விரும்பித்தான் இந்தக் கிட்டாரை வாங்கினீர்கள் என்றால், அந்தக் குரலோடு சற்று முனகலையும் ஏற்றுக்கொள்ளும்படியே நான் சொல்வேன்.

ஓவர்டிரைவ் பெடல் சத்தத்தை உண்டாக்குவதில்லை. முன்னால் இருப்பதைப் பெருக்குகிறது. ஆகவே கெயினை (பெருக்கும் அளவை) நீங்கள் நினைப்பதிலும் குறைவாக வையுங்கள். நொய்ஸ் கேட் என்ற இரைச்சல் தடுப்புக் கருவி, நீங்கள் வாசிக்காத இடைவெளிகளில் மட்டுமே சத்தத்தை மூடும், சுரத்தோடு கலந்த முனகலை அகற்றாது, கவனமின்றி வைத்தால் நீண்டு தேயும் சுரத்தின் வாலையும் வெட்டிவிடும். அது கடைசியாக வாங்க வேண்டிய பொருள். கடற்காற்று வீசும் உங்கள் பகுதியில் ஜாக் முனைகளில் பச்சை படிவதையும் கவனியுங்கள். கிட்டாரை அசைக்கும்போது கரகரத்தால், கொன்டாக்ட் கிளீனர் தெளித்துத் துடைத்தாலே போதும்.

கேள்வி: எங்கள் தேவாலயக் குழுவில் அரை உட்குழிவான கிட்டாரை வாசிக்கிறேன். மண்டபத்தில் ஒலியைக் கூட்டினால் ஒரே சுரத்தில் ஊளையிடத் தொடங்குகிறது. வீட்டில் இந்தத் தொல்லை இல்லை.
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: வீட்டில் இல்லாததற்குக் காரணம், வீட்டில் நீங்கள் அவ்வளவு சத்தமாக வாசிப்பதில்லை என்பதே. ஒலிபெருக்கியின் சத்தம் கிட்டாரின் உடலையும் கம்பிகளையும் அதிரச் செய்கிறது, அந்த அதிர்வைப் பிக்கப் மறுபடி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது, சுற்று முடிவதற்குள் ஒலி சற்றேனும் வளர்ந்துவிட்டால் ஊளை பிறக்கிறது. உட்குழிவான உடல் இலேசாக அதிரும் என்பதால் உங்கள் கிட்டார் இதற்கு எளிதில் இடம்கொடுக்கிறது.

முதலில் ஒரு சோதனை. ஊளையிடும்போது உள்ளங்கையால் எல்லாக் கம்பிகளையும் அழுத்துங்கள். நின்றுவிட்டால் கம்பிகளும் உடலுமே காரணம். நிற்காமல் கூரிய கீச்சொலியாகத் தொடர்ந்தால், பிக்கப்பின் சுருள்கள் தளர்ந்து ஒலிவாங்கி போல் நடந்துகொள்கின்றன. அதை மெழுகில் அமிழ்த்தி உறுதிப்படுத்தும் வேலையைத் தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள். நேரடி நெருப்பில் வைக்கக்கூடிய வேலை அல்ல அது.

நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் முதல் வகையாகவே தோன்றுகிறது. அம்ப்ளிபயரை உங்கள் முதுகுக்குப் பின்னால் வைக்காமல், பக்கவாட்டில் சபையை நோக்கித் திருப்பி வையுங்கள். பின்னர் ஊளையிடும் சுரத்தைக் கண்டுபிடித்து, ஈக்குவலைசரில் அந்த இடத்தை மட்டும் சிறிது குறைக்கச் சொல்லுங்கள். தாழ்ந்த ஒலிகள் (பாஸ்) முழுவதையும் குறைத்தால் கிட்டாரின் உடற்கட்டே போய்விடும். நிற்கும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள். 110 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3 மீற்றருக்குச் சற்று அதிகம் என்பதால், அரை மீற்றர் நகர்ந்தாலே ஊளை அடங்குவதோ வேறு சுரத்துக்குத் தாவுவதோ உண்டு. எஃப் வடிவத் துளைகளுக்குள் மென்மையான துணியைச் சுருட்டி வைப்பதும் நல்ல முறை, அமெரிக்க புளூஸ் கிட்டார் கலைஞர் பி. பி. கிங் அப்படித்தான் செய்துவந்தார், பின்னர் 1980இல் அவர் பெயரில் வந்த கிட்டாரில் அந்தத் துளைகளே இல்லை.

மேடையில் எத்தனை ஒலிவாங்கிகள் திறந்திருக்கின்றன என்பதையும் கேளுங்கள். திறந்த ஒலிவாங்கிகள் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும், ஊளையிடாமல் கூட்டக்கூடிய ஒலியில் 3 டெசிபெல் குறைகிறது. பாடாதவர்களின் ஒலிவாங்கிகளை மூடிவைப்பது பாடகர்களுக்கும் உதவும். கிட்டார் தனியாக ஊளையிடுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கையில், உண்மையில் அம்ப்ளிபயருக்கு முன்னால் கவனிப்பாரற்று நிற்கும் ஒலிவாங்கியே ஊளையிடுவதைப் பல மண்டபங்களில் கண்டிருக்கிறேன்.

கேள்வி: மடிக்கணினியில் பதிவுசெய்யும்போது 'கீ…' என்ற சத்தம் வருகிறது. கம்பிகளைத் தொட்டால் விரல் கூசுகிறது. இரண்டும் சார்ஜரைக் கழற்றினால் நின்றுவிடுகின்றன.
– வாசகர், தெஹிவளை

பதில்: விடையை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். இருமுனைப் பிளக் கொண்ட சார்ஜர்களில், மின்காந்தக் குறுக்கீட்டை அடக்குவதற்காக வைத்த சிறு கொள்ளளவியின் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் கணினியின் உலோகத்துக்கும், அங்கிருந்து இன்டர்பேஸ் (கிட்டாரைக் கணினியுடன் இணைக்கும் பெட்டி) வழியாகக் கிட்டார் கம்பிக்கும் கசிகிறது. தரமான சார்ஜரில் அது ஆபத்தான அளவு அல்ல. மலிவான போலிச் சார்ஜரில் அப்படி உறுதி சொல்ல முடியாது. அதனால் முதலில் அதையே மாற்றுங்கள், இயன்றால் புவித்தொடுப்புள்ள மும்முனைப் பிளக் கொண்டதாக. அதுவரை பற்றரியிலேயே பதிவுசெய்யுங்கள். பின்னாளில் அம்ப்ளிபயரையும் கணினியையும் ஒன்றாக இணைக்க நேர்ந்தால், இரண்டுக்கும் ஒரே பிளக் பொயின்டிலிருந்து மின்சாரம் எடுங்கள். அப்போதும் முனகினால், மின்மாற்றி உள்ள டிஐ பெட்டி (கிட்டார் சமிக்ஞையை வேறு கருவிக்கு ஏற்றதாக மாற்றித் தரும் சிறு பெட்டி) ஒன்றை இடையில் வைத்து அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் பயன்படுத்தலாம். அது சமிக்ஞைக் கேபிளின் புவித்தொடர்பை மட்டுமே பிரிக்கிறது, மின்பிளக்கின் புவிக்கம்பியைத் தொடுவதில்லை. பதிவின்போது கைத்தொலைபேசியை மேசையிலிருந்து அப்புறப்படுத்திவிடுங்கள். இரண்டாம் தலைமுறை வலையமைப்பில் அது விடும் 'டிக்-டிக்-டர்ர்ர்' ஒலி பிக்கப்பில் அப்படியே பதிந்துவிடும்.