உடைக்கும் முன் கண்டுபிடியுங்கள்: குளியலறைக் கசிவு கேள்வி-பதில்

எங்கள் வீடு இரண்டாவது மாடி. கீழ்வீட்டு பாத்ரூம் சீலிங்கில் ஓதம் இறங்குகிறது. டைல்ஸ் முழுவதையும் பெயர்த்தால்தான் சரியாகும் என்கிறார் கொத்தனார். வேறு வழி இல்லையா?

பெரும்பாலும் இருக்கிறது. எந்தத் தண்ணீர் ஒழுகுகிறது என்று தெரியாமல் சுத்தியலை எடுக்க விடாதீர்கள். பாத்ரூமில் மூன்று வகைத் தண்ணீர் உண்டு: குழாய்க்குள் எப்போதும் அழுத்தத்தில் நிற்பது, உபயோகித்தபின் வடிகாலில் போவது, தரையிலும் சுவரிலும் சிந்துவது. ஒவ்வொன்றும் ஒழுகும் நேரம் வேறு. அந்த நேரத்தைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது.

கீழ்வீட்டில் ஓதத்தின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். சொட்டு விழும் இடத்தில் ஒரு டம்ளர் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சேர்கிறது என்று பாருங்கள். பிறகு உங்கள் பாத்ரூமைச் சில நாள் பூட்டிவிடுங்கள். அதற்குப் போகும் வால்வு மட்டும் திறந்தே இருக்கட்டும். யாருமே குளிக்காதபோதும் டம்ளர் அதே வேகத்தில் நிறைந்தால் குழாயில்தான் கசிவு. வால்வை மூடிப் பார்த்து அதை உறுதி செய்யலாம். பிளம்பரிடம் பிரஷர் பம்ப் இருந்தால் இன்னும் நல்லது. குழாய் முனைகளை அடைத்து அழுத்தம் ஏற்றியபின் பம்பின் மீட்டரில் முள் இறங்கினால், சுவருக்குள் எங்கோ விடுகிறது என்று அர்த்தம்.

இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும். நம் அடுக்குமாடிகளில் பாத்ரூம் தளத்தைச் சுமார் ஒரு அடி தாழ்த்திப் போட்டு, உள்ளே செங்கல் ஜல்லியை நிரப்புவது வழக்கம். அந்த ஜல்லி நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மேலே தண்ணீரை நிறுத்திய பிறகும் பல நாள் சொட்டலாம். அதனால் முதல் நாளே முடிவுக்கு வராதீர்கள். சொட்டு நாளுக்கு நாள் குறைகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

குறைந்தால் குழாய் தப்பித்தது. அடுத்து வடிகால். தரை நனையாமல், ஹோஸ் வைத்து நஹானி டிராப்புக்குள்ளேயே (தரைத் தண்ணீர் வடியும் வாய்) இரண்டு மூன்று பக்கெட் விடுங்கள். கீழே சொட்டு கூடினால் வடிகாலில்தான் கசிவு. கீழே மாற்றமில்லை என்றால், மறுநாள் டிராப்பைத் துணியால் இறுக்கி அடைத்துத் தரையில் ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் விடுங்கள். இப்போது சொட்டு கூடினால் வழி தரையில்தான்.

அப்போதும் முழுத் தரையையும் பெயர்க்க வேண்டியதில்லை. முதலில் டிராப்பின் ஜாலியை (ஓட்டை மூடியை) கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பல வீடுகளில் நான் பார்த்தது இதைத்தான்: டிராப்பின் விளிம்புக்கும் டைல்ஸுக்கும் நடுவே சிமெண்ட் கரைந்து போய், சுண்டுவிரல் நுழையும் அளவுக்குச் சந்து. குளிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு குழாய்க்குப் போகாமல் நேராக ஜல்லிக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். அந்தச் சந்தைச் சுரண்டி, காயவைத்து, சுருங்காத கிரவுட்டோ (இடுக்கை அடைக்கும் சிமெண்ட் கலவை) எபாக்சியோ (இரண்டு பாகம் கலந்து இறுகும் பசை) வைத்து அடைத்தால் பல வீடுகளில் பிரச்சினை அத்தோடு தீர்ந்துவிடுகிறது.

பாத்டப்பில் குளித்தால் மட்டும் பக்கத்து அறைச் சுவர் ஈரமாகிறது. தொட்டியில் விரிசல் எதுவும் தெரியவில்லை.

நான்கு இடங்களை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். தொட்டியின் மேலே இருக்கும் ஓவர்ஃப்ளோ துளைக்குக் கீழே வரை நிரப்பி, நீர்மட்டத்தில் டேப் ஒட்டிச் சில மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கினால் அடைப்பானோ வடிகால் வாயின் வாஷரோ தொட்டியோ பழுது. இறங்கவில்லை என்றால் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். அப்போது சுவர் நனைந்தால் கீழே உள்ள டிராப் இணைப்பு. மூன்றாவதாக ஓவர்ஃப்ளோ வரை நிரப்புங்கள், அதன் பின்னால் இருக்கும் ரப்பர் கேஸ்கெட் காய்ந்து வெடித்திருந்தால் இப்போது காட்டிக்கொடுத்துவிடும். கடைசியாக, தொட்டியும் சுவரும் சேரும் ஓரத்தில் மட்டும் ஷவரை அடித்துப் பாருங்கள்.

அந்த ஓரம்தான் காரணம் என்றால், பழைய சிலிக்கானை முழுக்கச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிடுங்கள். புதிதாக வைக்கும் முன் தொட்டியைத் தண்ணீரால் நிரப்ப வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை. 150 லிட்டர் என்றால் 150 கிலோ. அந்தப் பாரத்தில் தொட்டி சற்றே அமுங்கி ஓரத்துச் சந்து விரியும். விரிந்த நிலையில் சிலிக்கான் வைத்து, 24 மணி நேரம் கழித்துத் தண்ணீரை இறக்குங்கள். காலித் தொட்டியில் வைத்தால், அடுத்த முறை குளிக்கும்போதே அது பிய்ந்து வரும்.

டைல்ஸ் இடுக்கில் வருடாவருடம் ஒயிட் சிமெண்ட் அடிக்கிறோம். வருடாவருடம் பெயர்கிறது. ஏன்?

பழையதன் மேலேயே பூசுவதால். மேலோட்டமாகப் பூசியது ஒட்டாது, காய்ந்ததும் விரிசல் விடும். இடுக்கை இரண்டு மூன்று மில்லிமீட்டராவது சுரண்டி, தூசு தட்டி, எபாக்சி கிரவுட் போடுங்கள். விலை கூடுதல்தான். சோப்புத் தண்ணீரையும் ஆசிட் கழுவலையும் தாங்குவதில் ஒயிட் சிமெண்ட் அதற்குக் கிட்டவே வராது. சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் கிரவுட் வேண்டாம், சிலிக்கான் போடுங்கள். அங்கே அசைவு உண்டு.

பிளஷ் டேங்க் ஒழுகுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டேங்க்கில் கொஞ்சம் கேசரி பவுடர் கலந்துவிட்டு, இருபது நிமிடம் யாரும் பிளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிளாசெட்டில் நிறம் வந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரை மாற்றுங்கள்.

நாங்கள் கீழ்வீட்டில் இருக்கிறோம். மேல்வீட்டார் ரிப்பேர் செய்ய மறுக்கிறார்கள். இப்போதைக்கு சீலிங்கில் வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடித்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். மேலிருந்து வரும் தண்ணீரைக் கீழே தடுத்தால் அது கான்கிரீட்டுக்குள்ளேயே நிற்கும். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பும், உப்பிய கம்பி கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளும். சீலிங்கில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் கொஞ்ச காலமாகவே தண்ணீர் வடிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். செம்பழுப்புக் கறையோ கம்பியின் நீளத்துக்கு விரிசலோ தெரிந்தால், பெயிண்டரைக் கூப்பிடாதீர்கள், கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அவர் தரும் அறிக்கையை மேல்வீட்டாரிடமும் அசோசியேஷனிடமும் காட்டுங்கள். கம்பி அவர்களின் தரைக்கும் சேர்த்துத்தான் பாரம் தாங்குகிறது.

ஓதம் லைட் பாயிண்டை எட்டிவிட்டதா? அப்படியானால் இன்றே அந்த சர்க்யூட்டின் எம்சிபியை (மெயின் போர்டில் உள்ள பாதுகாப்பு சுவிட்ச்) இறக்கிவிடுங்கள்.