கூரியரில் வரும் சுங்க வரி: எது அரசுக்கு, எது நிறுவனத்துக்கு?

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில் இரண்டு அபாயாக்களையும் சில தலைத்துணிகளையும் 12,000 ரூபாய்க்கு வாங்கி, அனுப்பும் செலவுக்கென 3,000 ரூபாயைத் தனியாகச் செலுத்தியிருக்கிறார். கணக்கு அத்துடன் முடிந்தது என்று இருந்தவருக்கு, 5,840 ரூபாய் சுங்கக் கட்டணம் பாக்கி என்று கூரியர் நிறுவனத்தின் பெயரில் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. இராமநாதபுரத்திலிருந்து பார்சலைக் கொண்டுவந்த பையனைக் கேட்டால், “பணம் கட்டினால் கொடுப்பேன், இல்லையென்றால் திருப்பி எடுத்துப் போவேன்” என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியவில்லை. வாசகியின் கேள்விகள் மூன்று. இது உண்மையான வரிதானா? வாங்க மறுத்துவிட்டால் தப்பிக்கலாமா? அடுத்த முறை ஷார்ஜாவில் இருக்கும் காக்காவிடம் (அண்ணனிடம்) சொல்லி, அன்பளிப்பு என்று எழுதி அனுப்பச் சொன்னால் வரி வராதாமே, அது சரியா?

பணம் கட்டுவதற்கு முன் செய்தி உண்மையானதுதானா என்று பார்த்துவிட வேண்டும். சுங்கத் துறையின் பெயரைச் சொல்லிப் பணம் பறிக்கும் கூட்டம், வெளிநாட்டில் உறவினர் உள்ள ஊர்களைக் குறிவைப்பதில் வியப்பில்லை. அங்கே யாராவது ஒருவர் எப்போதும் ஒரு பார்சலை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருப்பார். குறுஞ்செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், நிறுவனத்தின் இணையதள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, கடைக்காரர் முன்பு அனுப்பிய ஏர்வே பில் எண்ணை, அதாவது பார்சலைப் பின்தொடரும் எண்ணை, அதில் இட்டுப் பாருங்கள். அங்கேயும் அதே தொகை பாக்கி எனக் காட்டினால் செய்தி உண்மையானது. சுங்க அதிகாரி எவரும் தனிநபரின் யுபிஐ எண்ணுக்கோ சொந்த வங்கிக் கணக்குக்கோ வரி கேட்பதில்லை. அப்படிக் கேட்ட ஒருவருக்குப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் தடுக்கும் வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான் இருக்கிறது.

செய்தி உண்மையானது என்று தெரிந்துவிட்டால், அந்த 5,840 ரூபாயை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு பகுதி அரசுக்குச் சேரும் வரி. மறு பகுதி கூரியர் நிறுவனம் தனக்காக வாங்கும் கட்டணம். குறுஞ்செய்தி இரண்டையும் ஒன்றாகக் கூட்டி ‘சுங்கக் கட்டணம்’ என்று சொல்லிவிடுவதால், முழுத் தொகையும் அரசாங்கம் கேட்பது என்று எண்ணி மக்கள் கேள்வி கேட்காமல் கட்டிவிடுகிறார்கள். வரியில் தவறு இருந்தால் கேட்கும் இடம் வேறு, கட்டணத்தில் தவறு இருந்தால் கேட்கும் இடம் வேறு.

வரி எப்படி வருகிறது என்று பார்ப்போம். சுங்கத் துறை பொருளின் விலைக்கு மட்டும் வரி போடுவதில்லை. அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்த மதிப்புக்கே போடுகிறது. ஆனால் விமானத்தில் வரும் சரக்குக்கு, அனுப்பும் செலவாகப் பொருள் விலையில் 20 விழுக்காட்டுக்கு மேல் மதிப்பில் சேர்க்கக் கூடாது என்று 2007ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகள் சொல்கின்றன. ஆகவே நீங்கள் 3,000 ரூபாய் கொடுத்திருந்தாலும் கணக்கில் சேர வேண்டியது 2,400 ரூபாய்தான். காப்பீட்டுத் தொகை தெரியாதபோது 1.125 விழுக்காடு, அதாவது 135 ரூபாய் சேர்ப்பார்கள். எனவே வரி போட வேண்டிய மதிப்பு 14,535 ரூபாய். அந்நியச் செலாவணிக்குச் சுங்கத் துறை தானே அறிவிக்கும் மாற்று விகிதத்தைத்தான் எடுத்துக்கொள்ளும் என்பதால், உங்கள் கார்டு கணக்கில் பிடித்த தொகையிலிருந்து சிறு வேறுபாடு இருந்தால் அதைப் பிழையாகக் கொள்ள வேண்டாம்.

தனிப்பட்ட உபயோகத்துக்காக அஞ்சலிலோ விமானத்திலோ வரும் பொருள்களுக்குச் சுங்கப் பட்டியலில் 9804 என்று தனித் தலைப்பு இருக்கிறது. இதன் விகிதம் அண்மைக் காலத்தில் பலமுறை மாறியிருப்பதால், பழைய அனுபவத்தை வைத்து யாராவது சொல்லும் விழுக்காட்டை நம்ப வேண்டாம். ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி 28 விழுக்காடாக இருந்து, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்தது. அடிப்படைச் சுங்க வரியை 20இலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கும் அறிவிப்பு 2026ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் வந்தது. கணக்கைப் புரிந்துகொள்வதற்காக, அடிப்படை வரி 10, அந்த வரித் தொகையின் மேல் சமூக நலக் கூடுதல் வரி 10, ஜிஎஸ்டி 18 என்று வைத்துக்கொள்வோம். 14,535க்கு அடிப்படை வரி 1,453.50 ரூபாய், கூடுதல் வரி அந்த வரியில் பத்தில் ஒரு பங்குதான் என்பதால் 145.35 ரூபாய், இவற்றையும் மதிப்போடு கூட்டி வரும் 16,133.85க்கு ஜிஎஸ்டி 2,904.09 ரூபாய். வரியின் மேல் வரி ஏறும் இடம் இதுதான். விழுக்காடுகளை வெறுமனே கூட்டிப் பார்ப்பவர்களுக்குக் கணக்கு இடிப்பதும் இங்கேதான். மொத்தம் ஏறக்குறைய 4,503 ரூபாய் வருகிறது. உங்களிடம் கேட்டது 5,840. மீதமுள்ள 1,337 ரூபாய் வரியாக இருக்க முடியாது.

அந்த மீதி எதற்கு என்பதைக் கூரியர் நிறுவனம்தான் சொல்ல வேண்டும். சரக்கை விடுவிக்க உங்கள் சார்பில் வரியை முன்கூட்டிக் கட்டியதற்கு ஒரு கட்டணமும், ஆவண வேலைக்கு ஒரு கட்டணமும், சரக்கு சென்னை விமான நிலையக் கிடங்கில் நின்றிருந்தால் அதற்கு வாடகையும் போடுவது இத்தொழிலில் வழக்கம். இவற்றின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் உண்டு. இவை சட்டவிரோதமானவை அல்ல; ஆனால் நிறுவனம் தானே வெளியிட்டிருக்கும் கட்டணப் பட்டியலில் உள்ளபடி இருக்க வேண்டும், ஜிஎஸ்டி எண்ணுடன் தனி ரசீது தர வேண்டும். கிடங்கு வாடகையைச் சற்று உற்றுப் பாருங்கள். ஆதார், பான் போன்ற அடையாள ஆவணங்களைக் கேட்டு நிறுவனம் உங்களைத் தொடர்புகொண்ட நாள் எது, நீங்கள் அனுப்பிய நாள் எது என்பதைக் கைப்பேசியிலேயே காணலாம். அவர்கள் கேட்கத் தாமதித்த நாள்களுக்கு நீங்கள் வாடகை கொடுக்க வேண்டிய நியாயம் இல்லை.

ஆகவே இன்றைக்கே நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசியது எதற்கும் சாட்சி இராது. ஏர்வே பில் எண்ணைக் குறிப்பிட்டு, “என் பெயரில் சுங்கத் துறையில் தாக்கல் செய்த பில் ஆஃப் என்ட்ரியின் நகல், வரி செலுத்திய விவரம், உங்கள் கட்டணத்துக்கான தனி ரசீது ஆகிய மூன்றையும் அனுப்புங்கள், அவை வரும் வரை பார்சலைத் திருப்பி அனுப்ப வேண்டாம், அந்த நாள்களுக்கு வாடகையும் சேர்க்க வேண்டாம்” என்று எழுதினால் போதும். பில் ஆஃப் என்ட்ரி என்பது சரக்கு நாட்டுக்குள் வந்ததற்கான சுங்கப் படிவம். ஒரு லட்சம் ரூபாய் வரையிலான வரி விதிக்கத்தக்க கூரியர் சரக்குக்கு சிபிஇ 13 என்ற படிவத்தை மின்னணு முறையில் நிறுவனமே தாக்கல் செய்கிறது. மதிப்பு, தலைப்பு எண், ஒவ்வொரு வரியின் விகிதம், தொகை எல்லாம் அதில் தனித்தனியாக இருக்கும். அது உங்கள் பெயரில் தாக்கலான ஆவணம், நகல் கேட்பது உங்கள் உரிமை. ஆனாலும் கேட்காமல் தருபவர்கள் குறைவு.

நகல் வந்ததும் முதலில் மதிப்பைப் பாருங்கள். தள்ளுபடிக்கு முந்தைய விலையைக் கடைக்காரர் பார்சலின் மேல் எழுதிவிடுவதும், அனுப்பும் செலவு முழுவதையும் மதிப்பில் ஏற்றிவிடுவதும் அடிக்கடி நடப்பவை. பணம் கட்டிய கார்டு விவரத்தையும் கடையின் பில்லையும் இணைத்து, மதிப்பீட்டைத் திருத்தக் கோரும்படி நிறுவனத்தைக் கேளுங்கள். சரக்கு இன்னும் விடுவிக்கப்படவில்லை என்றால் இது எளிது. விடுவித்த பின்பும் சுங்கச் சட்டத்தின் 149, 154ஆம் பிரிவுகளின் கீழ் திருத்தம் கோரலாம். ஒரு மதிப்பீட்டு ஆணையே தவறு என்றால் அது உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதிகமாகக் கட்டிய வரியைத் திரும்பக் கோர ஓராண்டு அவகாசம் உண்டு என்றாலும், அடிப்படை மதிப்பீடு திருத்தப்படாமல் பணம் மட்டும் திரும்பாது என்று ஐடிசி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்திருக்கிறது. நானூறு, ஐந்நூறு ரூபாய் வேறுபாட்டுக்கு இந்த வழியில் இறங்கச் சொல்ல மாட்டேன். பத்தாயிரக் கணக்கில் என்றால் ஒரு சுங்க முகவரின் துணையோடு இறங்கலாம்.

பிழை கூரியர் கட்டணத்தில் என்றால் வழி இன்னும் எளிது. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதன் பின்னும் அசையாவிட்டால் இராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தர 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது; 5 லட்சம் ரூபாய் வரை புகாருக்குக் கட்டணம் எதுவும் இல்லை, இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். வரி விகிதத்தை மட்டும் இந்த ஆணையத்திடம் கொண்டுபோக வேண்டாம், அது அவர்கள் வரம்பில் வராது.

இரண்டாவது கேள்வி, மறுத்துவிடலாமா என்பது. பார்சல் உங்கள் வாசல் வரை வந்துவிட்டது என்றாலே, சுங்கம் அதை விடுவித்துவிட்டது, நிறுவனம் வரியைக் கட்டிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் கதவைச் சாத்துவதால் வரி மறைந்துபோகாது. நிறுவனம் அதை அனுப்பியவரிடம் கேட்கும். அவர் உங்களுக்குத் திருப்பித் தர வேண்டிய தொகையில் அதையும், திரும்பிப் போகும் செலவையும் கழித்துக்கொள்வார். 12,000 ரூபாய்ப் பொருளுக்கு எதுவும் மிஞ்சாமல் போகவும் கூடும். மறுக்கும் எண்ணம் இருந்தால் அதற்குரிய வேளை முன்னதாகவே வந்துவிடுகிறது: அடையாள ஆவணம் கேட்டோ, வரித் தொகைக்கு ஒப்புதல் கேட்டோ செய்தி வரும்போது. சரக்கை விடுவிக்கும் ஆணைக்கு முன் பொருளின் மீதான உரிமையைத் துறந்தால் வரி கட்ட வேண்டியதில்லை என்று சுங்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. பொருள் பழுதாகவோ, கேட்டதற்கு மாறாகவோ வந்திருந்தால் கதை வேறு. அதைப் பயன்படுத்தாமல், விடுவித்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் திருப்பி ஏற்றுமதி செய்தால், கட்டிய வரியைத் திரும்பக் கேட்க 26ஏ பிரிவு இடம் தருகிறது. துணியின் அளவு சரியில்லை என்று சும்மா தபாலில் திருப்பி அனுப்பிவிட்டால் இந்த உரிமை கிடைக்காது. திரும்பிப் போவதும் சுங்கப் பதிவோடு போக வேண்டும்.

கட்டுவதற்கு முன் கடையின் பில்லை ஒருமுறை பாருங்கள். பணம் செலுத்தும் பக்கத்தில் ‘வரிகள் உட்பட’ என்று இருந்ததா, அல்லது ‘இறக்குமதி வரி வாங்குபவர் பொறுப்பு’ என்று நிபந்தனைகளுக்குள் சிறிய எழுத்தில் இருந்ததா? முன்னது என்றால் 5,840 ரூபாயும் கடைக்காரரின் கடன். இந்தியாவில் அலுவலகம் இல்லாவிட்டாலும், இந்திய நுகர்வோருக்கு முறையாக விற்கும் இணையக் கடைகளுக்கு 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் பொருந்தும். பின்னது என்றால் கடைக்காரரோடு வாதிட்டுப் பயனில்லை.

மூன்றாவதாக, அன்பளிப்பு. முன்பு 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புக்கு வரிவிலக்கு இருந்தது உண்மை. இணையக் கடைகள் அதைத் தவறாகப் பயன்படுத்தியதால் 2019 டிசம்பரில் அது நிறுத்தப்பட்டது. இப்போது உயிர்காக்கும் மருந்துகளுக்கும் ராக்கிக்கும் மட்டுமே அந்தச் சலுகை. காக்கா உண்மையாகவே அன்போடு அனுப்பினாலும் முழு வரி உண்டு. விலைக்கு வாங்கியதை அன்பளிப்பு என்று எழுதுவதும், 12,000 ரூபாய்ப் பொருளை 1,000 என்று எழுதுவதும் பொய்யான அறிவிப்பு. பிடிபட்டால் பொருள் பறிமுதல், அதற்கு மேல் அபராதம். வரி 100 ரூபாயோ அதற்குக் குறைவோ என்றால் வசூலிப்பதில்லை என்பதொன்றே சிறிய தொகைக்கு மீதமுள்ள சலுகை.

இதைக் கேட்டதும் நம் பக்கத்தில் அடுத்துச் சொல்லப்படுவது ‘குருவி’ யோசனை, அதாவது ஊருக்கு வரும் பயணியின் பெட்டியில் கொடுத்தனுப்புவது. காக்கா ஊருக்கு வரும்போது தன் பெட்டியில் தங்கைக்கு இரண்டு அபாயா கொண்டுவருவதில் தவறு ஒன்றும் இல்லை, அது பயணியின் உடைமைச் சலுகைக்குள் அடங்கும். கூலிக்குப் பெட்டி தூக்குபவரிடம் கொடுத்தனுப்புவது வேறு. அந்தச் சலுகை பயணியின் உண்மையான உடைமைக்கு மட்டும்தான். விமான நிலையத்தில் பெட்டி நின்றுவிட்டால் பொருள் உங்களுடையது என்று காட்ட உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

பாம்பன், மண்டபம் பகுதிப் படகுக்காரர்களும் இதே கேள்வியைக் கேட்பதால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. தொழிலுக்காக வாங்கும் கருவி ‘தனிப்பட்ட உபயோகம்’ ஆகாது. அதற்கு இறக்குமதியாளர் குறியீட்டு எண் வேண்டும், வரியும் அந்தக் கருவிக்குரிய தலைப்பில் விழும். வயர்லெஸ் கருவிகளுக்கு வரியைவிட அனுமதிதான் பெரிய தடை. உரிமம் இல்லாத சாட்டிலைட் போனை கூரியரில் வரவழைத்தால் வரி கட்டி மீட்க முடியாது, வழக்குதான் வரும். முழுதாக இணைக்கப்பட்ட டிரோன்களின் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரி முதல் தடை இருக்கிறது. கடலுக்குச் சாட்டிலைட் போன் தேவைப்படுபவர்கள் பிஎஸ்என்எல் வழியாக உரிமத்தோடு பெறுவதற்கு, தங்கள் பகுதி மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.