வாசகர் கேள்வி – பதில்: பழைய ஸ்போர்ட்ஸ் பைக்கும் புது ஃபோர்க்கும்

கேள்வி: என்னுடையது 1990-களின் 600 சிசி ஸ்போர்ட்ஸ் பைக். முன் பிரேக் பிடித்தால் ஃபோர்க் அடிவரை அமுங்குகிறது. ஆனால் சின்னப் பள்ளத்தில் கையில் அறைகிறது. வேகமாக வளைவில் சாய்த்தால் வண்டி நெளிகிறது. புது மாடலின் அப்சைட் டவுன் (தடித்த குழாய் மேலே இருக்கும் தலைகீழ்) ஃபோர்க்கைப் பொருத்தினால் எல்லாம் தீருமா?

பதில்: நெளிவது பெரும்பாலும் தேய்மானத்தால்தான். அதை முதலில் பாருங்கள். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்புங்கள். நேர் நிலையில் டக்கென்று உட்கார்ந்தால் கோன் செட்டில் (ஹேண்டில் திரும்பும் பேரிங்கில்) குழி விழுந்திருக்கிறது. பால் பேரிங் இருந்தால் டேப்பர் ரோலர் போடலாம். அளவுக்கு மீறி இறுக்கினால் அதுவே வண்டியை நெளிய வைக்கும். சில நூறு கி.மீ. ஓடியபின் இறுக்கத்தை மறுபடி சரிபாருங்கள். அடுத்து பின் சக்கரத்தைத் தூக்கி, ஸ்விங் ஆர்மின் (பின் சக்கரத்தைத் தாங்கும் கையின்) நுனியைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கொஞ்சம் ஆடினாலும் புஷ் அல்லது பேரிங் போய்விட்டது என்று பொருள். ஸ்விங் ஆர்மை ஷாக்குடன் இணைக்கும் லிங்கேஜின் நீடில் பேரிங்குகளைத்தான் பலரும் மறக்கிறார்கள். கிரீஸ் வற்றித் துருப்பிடித்தால் எவ்வளவு நல்ல ஷாக் போட்டும் பயனில்லை.

இனி ஃபோர்க். பிரேக்கில் அமுங்கி, பள்ளத்தில் அறைவது டேம்பர் ராடு (உள்ளே துளையிட்ட குழாய் வழியே ஆயில் ஓடும்) ஃபோர்க்கின் பிறவிக் குணம். ஆயில் போக நிலையான துளைகள் மட்டுமே உள்ளன. மெதுவாக அமுங்கும்போது அவை தடுப்பதில்லை. சடாரென்று அடிபடும்போது தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறி, ஃபோர்க் கல்லாகிவிடுகிறது. கெட்டியான ஆயில் மட்டும் ஊற்றினால் அறைவது இன்னும் கூடும்.

உங்கள் ஃபோர்க் அந்த வகைதான் என்றால் எடைக்கேற்ற ஸ்பிரிங்கும் எமுலேட்டர் வால்வும் (அடியின் வேகத்துக்கேற்பத் திறந்து ஆயிலை விடும் வால்வு) போடுங்கள். 75–80 கிலோ எடையுள்ளவருக்கு இவ்வகை வண்டியில் 0.90 நியூட்டன்/மி.மீ. அளவில் தொடங்கலாம். டேம்பர் ராடின் கீழ்ப்பகுதியிலுள்ள கம்ப்ரஷன் (அமுங்கும்போது ஆயில் போகும்) துளைகளை 8 மி.மீ. ஆகப் பெரிதாக்கி, மொத்தம் ஆறு ஆக்குங்கள். ஒரே உயரத்தில் போட்டால் குழாய் பலமிழக்கும். இடம் மாற்றிப் போட்டு, பிசிறை வழித்தெடுங்கள். மேலே உள்ள சின்ன ரீபவுண்ட் (திரும்ப எழும்போது ஆயில் போகும்) துளையைத் தொடவே கூடாது. ரீபவுண்டை இன்னமும் அதுதான் கவனிக்கிறது, அதனால் 15 எடை ஆயில் வேண்டும். எமுலேட்டரின் உயரம் எவ்வளவோ அவ்வளவு நீளத்தை ஸ்பேசரிலிருந்து (ஸ்பிரிங்கோடு வரும் இடைக்குழாய்) வெட்டிக் குறையுங்கள், மறந்தால் பிரீலோட் (ஸ்பிரிங் முன்கூட்டியே அமுங்கியிருக்கும் அளவு) எகிறிவிடும். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, குழாய் விளிம்பிலிருந்து ஆயில் மட்டம் 130–140 மி.மீ. இருக்கும்படி வையுங்கள்.

இதற்குப் பிறகும் அப்சைட் டவுன் ஃபோர்க் வேண்டுமென்றால், அச்சிலிருந்து உச்சிவரையான நீளம், ஸ்டெம் (ஹேண்டில் திரும்பும் தண்டு) அளவு, கிளாம்பின் ஆஃப்செட் (ஸ்டெம்முக்கும் ஃபோர்க் குழாய்களுக்கும் உள்ள இடைவெளி) மூன்றையும் அளந்த பிறகே வாங்குங்கள். 1,400 மி.மீ. வீல்பேஸில் முன்பக்கம் 24 மி.மீ. தாழ்ந்தால் ரேக் (ஃபோர்க்கின் சாய்வுக் கோணம்) ஒரு டிகிரி குறையும், டிரெயிலும் (ஹேண்டில் திரும்பும் அச்சு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) கூடவே குறையும். ஆஃப்செட் 5 மி.மீ. குறைந்தால் டிரெயில் ஐந்தரை மி.மீ. கூடும். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் மாட்டியதால்தான் பல வண்டிகள் வளைய மறுக்கின்றன, அல்லது ஹேண்டிலை உதறுகின்றன.

கேள்வி: சேக் (எடை ஏறும்போது சஸ்பென்ஷன் இறங்கும் அளவு) அளந்தேன். நான் உட்கார்ந்தால் பின்பக்கம் 32 மி.மீ. இறங்குகிறது, சரியான அளவுதான். இறங்கி நின்றால் வண்டி தன் எடையில் துளிகூட அமுங்குவதில்லை. ஸ்பிரிங் கடினமா?

பதில்: மாறாக, அது மென்மையான ஸ்பிரிங். உங்கள் எடையைத் தாங்க வைப்பதற்காக பிரீலோடை அதிகம் ஏற்றியிருக்கிறீர்கள்; அதனால் வெறும் வண்டியின் எடை அதை அசைக்கவில்லை. பிரீலோட் ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றாது, வண்டியின் உயரத்தை மட்டுமே மாற்றும். ஒரு படி கடினமான ஸ்பிரிங் போட்டு, நீங்கள் உட்காரும்போது 30–35 மி.மீ., வெறும் வண்டிக்கு 5–10 மி.மீ. வருமாறு வையுங்கள். அளக்கும்போது ஒருமுறை அமுக்கி மெல்ல விட்டும், ஒருமுறை தூக்கி மெல்ல விட்டும் பார்த்துச் சராசரி எடுங்கள். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் அதிகமென்றால் லிங்கேஜ் உரசுகிறது.

கேள்வி: ஸ்டீல் சேஸிஸில் கூடுதல் குழாய் வெல்டிங் வைத்தால் உறுதி கூடுமா?

பதில்: கூடலாம். ஆனால் வெல்டிங் சூட்டில் ஃபிரேம் இழுபட்டால், ஜிக் (ஃபிரேமைப் பிடித்து நிறுத்தும் அளவுச் சட்டம்) இல்லாமல் நேராக்க முடியாது. முன், பின் டயர்களின் இருபுறமும் நூல் கட்டி சக்கரங்கள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஏற்கெனவே வளைந்த ஃபிரேமில் குழாய் வைத்தால் அந்தக் கோணல்தான் உறுதிப்படும்.