முதுகுவலிக்கு ஊசித்துளை ஆபரேஷன்: முன்பணம் கட்டுவதற்கு முன்

கேள்வி: எனக்கு 44 வயது. செக்கானூரணியிலிருந்து பரவை காய்கறி மார்க்கெட்டுக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். மூட்டையும் நானே ஏற்றி இறக்குவேன். மூன்று வருடமாக இடுப்புவலி. நான்கு மாதமாக வலது பின்புறத்திலிருந்து கால் பெருவிரல் வரை கரண்ட் அடிப்பது போல் இழுக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மூன்று இடத்தில் ஜவ்வு விலகியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். ஸ்கேன் எடுத்த இடத்தில் பழக்கமான ஒருவர், ‘லேசரில் ஒரே நாளில் மூன்றையும் சரிசெய்துவிடலாம், தையல்கூடக் கிடையாது, ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஆகும், இந்த மாதத்துக்குள் இருபதாயிரம் முன்பணம் கட்டினால் சலுகை’ என்கிறார். காப்பீட்டு அட்டை இதற்குச் செல்லாதாம். அம்மாவோ, ‘முதுகில் கத்தி வைத்தால் கால் விளங்காமல் போகும்’ என்று அழுகிறார். செய்துகொள்ளலாமா?

பதில்: முன்பணம் கட்டாதீர்கள். ஆபரேஷன் தேவையா இல்லையா என்பதற்கு அப்புறம் வருகிறேன், முதலில் இது.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அதில் ஸ்கேன் வருகிறது, சலுகை வருகிறது, தரகர் வருகிறார், அம்மா வருகிறார். ஒரு டாக்டர்கூட வரவில்லை. உங்களை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கி, ‘எங்கே இழுக்கிறது?’ என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அந்தப் பரிசோதனைக்கு இரண்டு நிமிடம் போதும், கருவி எதுவும் வேண்டாம். அது நடக்காமலேயே விலை பேசி, தள்ளுபடியும் கொடுத்தாயிற்று. ஆடித் தள்ளுபடியில் சேலை எடுக்கலாம், டிஸ்க்கை எடுக்கக் கூடாது.

நீங்கள் வண்டிக்காரர் என்பதால் விளக்குவது எனக்குச் சுலபம். முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவில் மெத்தை போல இருப்பது டிஸ்க். ஊரில் ஜவ்வு என்கிறோம். அதை டயரும் டியூபும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிவளையம் டயர் மாதிரி கெட்டி, உள்ளே கூழ். குனிந்து மூட்டை தூக்கியும் குண்டும் குழியுமான ரோட்டில் மணிக்கணக்காக உட்கார்ந்து ஓட்டியும் டயரில் வெடிப்பு விழுந்தால், உள்ளிருப்பது பிதுங்கும். பிதுங்கியது பக்கத்தில் ஓடும் நரம்பை நெருக்கினால் வலி காலுக்கு இறங்கும். நான்கு மாதமாக உங்களுக்கு நடப்பது அதுவாக இருக்கலாம். இடுப்போடு நின்ற மூன்று வருட வலி வேறு கணக்கு. அதற்குத் தசை, சின்ன மூட்டுகள், தேய்மானம், உட்காரும் விதம் என்று நாலு பங்காளிகள் இருப்பார்கள்.

நான் சொல்வதில் ஒன்றை மட்டும் மனதில் வாங்கிக்கொள்வதாக இருந்தால் இதை வாங்கிக்கொள்ளுங்கள்: டிஸ்க் ஆபரேஷன் கால்வலிக்கான வைத்தியம். நரம்பின் மேல் உட்கார்ந்திருக்கும் பிதுக்கத்தை எடுத்தால் கால் இழுப்பு பெரும்பாலும் மளமளவென்று குறையும். இடுப்புவலியும் கூடவே போய்விடும் என்று யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது. ‘கால் பரவாயில்ல டாக்டர், இடுப்புதான் அப்படியே இருக்கு’ என்று தையல் பிரிக்க வந்த இடத்தில் முகம் சுளித்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களிடம் முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை.

இப்போது அந்த மூன்று இடம். ஸ்கேன் என்பது போட்டோ. வலி போட்டோவில் தெரியாது. வலியே இல்லாத 3,000-க்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்து 2015-ல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. அதில் 20 வயதுக்காரர்களில் 100-க்கு 30 பேருக்கும், 50 வயதுக்காரர்களில் 60 பேருக்கும் டிஸ்க் பிதுங்கித்தான் இருந்தது. அவர்கள் எல்லாரும் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள். பரவை மார்க்கெட்டில் உங்களோடு மூட்டை தூக்கும் பத்துப் பேரைப் பிடித்து ஸ்கேன் எடுத்தால் பலருக்கும் உங்களைப் போலவே ரிப்போர்ட் வரும். தரகருக்குத்தான் அன்று தீபாவளி.

உங்கள் வலி பெருவிரலுக்குப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல துப்பு. எல்4, எல்5 என்று சொல்லும் நான்காம், ஐந்தாம் இடுப்புக் கட்டைகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கினால் பெரும்பாலும் நெருங்குவது பெருவிரலுக்குப் போகும் நரம்பு. அதற்குக் கீழே இருக்கும் டிஸ்க் என்றால் வலி குதிகால், சுண்டுவிரல் பக்கம் ஓடும். ஆகவே மூன்று பிதுக்கத்தில் உங்கள் காலோடு பொருந்துவது ஒன்றாகத்தான் இருக்க வாய்ப்பு. மற்ற இரண்டும் சும்மா இருப்பவை. சும்மா இருப்பதைத் துளைத்தால் உங்களுக்கு என்ன லாபம்? பில்லுக்கு லாபம்.

‘லேசர்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. டிஸ்க்குக்குள் ஊசி விட்டு லேசர் சூட்டில் கூழைச் சுருக்கும் முறை 1980-களிலிருந்தே இருக்கிறது. கூழ் வளையத்தைக் கிழித்து வெளியே வந்துவிட்டாலோ எலும்பு வளர்ந்து வழி குறுகிவிட்டாலோ அதனால் பயன் இல்லை. பல இடங்களில் செய்வது எண்டோஸ்கோப்பி, அதாவது துளை வழியே கேமராக் குழாய் விட்டுப் பிதுக்கத்தை எடுப்பது. விளம்பரத்துக்கு லேசர் என்று பெயர். என்ன செய்யப்போகிறார்கள் என்பதைத் தமிழில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

சின்னத் துளை மோசம் என்று சொல்லவில்லை, நானும் செய்கிறேன். மைக்ராஸ்கோப் வைத்துச் செய்வதில் காயம் இரண்டு மூன்று செ.மீ. இருக்கும். எண்டோஸ்கோப்பியில் ஒரு செ.மீ.க்கும் குறைவு. தசை குறைவாகச் சேதப்படும், ரத்தம் குறைவாகப் போகும், மறுநாளே வீட்டுக்குப் போகலாம், சிலருக்கு மரத்துப்போகும் ஊசியிலேயே முடித்துவிடலாம். ஆனால் ஒரு வருடம் கழித்து? 2009-ல் நெதர்லாந்தில் 328 பேரை வைத்து, குழாய் வழியே செய்யும் சின்னத் துளை முறையையும் வழக்கமான மைக்ராஸ்கோப் முறையையும் ஒப்பிட்டார்கள். சின்னத் துளைக்காரர்களுக்கு வலி கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. 2022-ல் அதே நாட்டில் வந்த இன்னொரு ஆய்வில் எண்டோஸ்கோப்பி முறை, மைக்ராஸ்கோப் முறைக்குக் குறைந்ததில்லை என்று தெரிந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிவது, தழும்பின் அளவுக்காக ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் சர்ஜனுக்குக் கை பழகிய முறை எது, அதை அவர் அடிக்கடி செய்கிறாரா என்று கேளுங்கள்.

அம்மாவின் பயத்துக்குப் பதில் சொல்லாமல் விட முடியாது. கை கால் விளங்காமல் போவது தண்டுவடம் சேதமானால். அந்தத் தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே, முதல் இரண்டு இடுப்புக் கட்டைகளின் உயரத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரைவால் மாதிரி நரம்புக் கற்றைதான் தொங்குகிறது. உங்கள் டிஸ்க் இருப்பது தண்டுவடம் முடியும் இடத்துக்கும் கீழே. ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. நரம்பின் உறை கிழியலாம், சீழ் பிடிக்கலாம், எடுத்த இடத்திலேயே மறுபடி பிதுங்கலாம். 100 பேரில் 5 முதல் 15 பேருக்கு அப்படி மறுபடி பிதுங்குகிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும் பீடி சிகரெட்டை விடாதவர்களும் கூடுதல் பயப்பட வேண்டும். ஆனால் அம்மா நினைப்பது போல முடங்கிப் போவது மிக அபூர்வம்.

அப்படியென்றால் செய்துகொள்ளலாமா? டியூபுக்கும் டிஸ்க்குக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பிதுங்கிய டியூப் தானாக உள்ளே போகாது. டிஸ்க் கூழ் நாளடைவில் வற்றிச் சுருங்கும். அதனால்தான் முதல் ஆறு வாரம், கூடினால் பன்னிரண்டு வாரம், மாத்திரையும் பிசியோதெரபியும் கொடுத்துக் காத்திருக்கச் சொல்கிறோம். 2007-ல் 283 பேரை வைத்து நடந்த ஆய்வில், சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் போனது. ஒரு வருட முடிவில் காத்திருந்தவர்களும் அதே நிலைக்கு வந்திருந்தார்கள். காத்திருந்தவர்களில் 100-க்கு 39 பேர் தாங்க முடியாமல் பிறகு ஆபரேஷனுக்கு வந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. உங்களுக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது. முறையாகப் பிசியோதெரபி பார்த்தும், மூட்டை தூக்காமல் இருந்தும் கால் இழுப்பு விடவில்லை, டாக்டர் தொட்டுப் பார்த்ததும் ஸ்கேனும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்றால், ஆபரேஷன் நியாயமான வழிதான். அந்த ஒரு டிஸ்க்கில் மட்டும். நடுவில் நரம்பைச் சுற்றி ஸ்டீராய்டு ஊசி போடும் வழியும் உண்டு. சில வாரங்கள் தாக்குப்பிடிக்க உதவும்.

இன்றைக்கே வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். குதிகாலை மட்டும் ஊன்றி, முன்பாதத்தைத் தூக்கிக்கொண்டு பத்து அடி நடங்கள். வலது பாதம் தூக்க வராமல் தொப்பென்று விழுந்தால் மாதக்கணக்கில் காத்திருக்கும் பேச்சு கிடையாது, அந்த வாரமே சர்ஜனைப் பாருங்கள்.

காத்திருக்கவே கூடாத ஒன்று உண்டு. அதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். பிதுக்கம் பெரிதாகி அந்தக் குதிரைவால் கற்றை மொத்தத்தையும் நசுக்கிவிடுவது. சிறுநீர் முட்டிக்கொண்டு இருந்தும் வராது, அல்லது தெரியாமலே கசியும். சைக்கிள் சீட்டில் உட்காரும் இடம் முழுக்க மரத்துவிடும். கழுவும்போது கை படுவதே தெரியாது. இரண்டு காலும் துவளும். உசிலம்பட்டிப் பக்கம் பூப்பறிக்கப் போகும் ஒரு அம்மாவுக்கு இப்படி ஆனது. நீர்க்கடுப்பு என்று வீட்டில் பார்லித் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் ஒரு கிளினிக்கில் சிறுநீர் போக டியூப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ‘முதுகுவலி இருக்கிறதா?’ என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. என்னிடம் வந்தது நான்காம் நாள். அன்று இரவே ஆபரேஷன் செய்தேன். இப்போது நடக்கிறார், ஆனால் சிறுநீர் போக இன்றுவரை டியூப்தான். அவர் சொன்ன ஒரு வார்த்தை எனக்கு மறக்காது: மூன்றாம் நாள் வலி குறைந்துவிட்டதாம், சரியாகிவிட்டது என்று நினைத்தாராம். நரம்பு சாகும்போதும் வலி குறையும். வலி குறைந்து மரமரப்பு கூடினால் அது நல்ல சேதி இல்லை. இந்த அறிகுறிகள் தென்பட்டால் மணிக்கணக்கில்தான் நேரம் இருக்கிறது. 48 மணி நேரம் தாண்டவே கூடாது. 108-ஐக் கூப்பிட்டு, நடு ராத்திரியாக இருந்தாலும் மதுரை அரசு பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். ‘முதுகுவலி’ என்று மட்டும் சொன்னால் ஓரமாக உட்காரச் சொல்லிவிடுவார்கள். ‘சிறுநீர் வரவில்லை, உட்காரும் இடம் மரத்துவிட்டது’ என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

இனி அந்த ‘பழக்கமானவர்’. காப்பீட்டு அட்டை செல்லாது என்று அவர் சொன்னது ஏன் தெரியுமா? அட்டையில் போனால் அவருக்குக் கமிஷன் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டிஸ்க் அறுவை சிகிச்சை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் பணம் கட்டாமலே செய்துகொள்ளலாம். ‘அட்டைக்கு மேல் ஐம்பதாயிரம் கையில் கொடுங்கள்’ என்றால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லுங்கள். உங்கள் அட்டை நடப்பில் இருக்கிறதா என்றும் அதிலேயே கேட்கலாம்.

நோயாளியை அனுப்பியதற்குக் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் தவறு என்று 2002-ஆம் ஆண்டு வந்த மருத்துவர் நடத்தை விதிகளிலேயே எழுதியிருக்கிறது. விதி அலமாரியில் இருக்கிறது, கமிஷன் கவரில் போகிறது. என்னிடமே ஒருவர் அல்வாப் பெட்டியோடு வந்து ‘ஒரு கேஸுக்கு எவ்வளவு?’ என்று பேசினார். இலவச முகாம் என்று பந்தல் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் ஸ்கேன் சீட்டு எழுதுவதும் இதே வியாபாரம்தான்.

பெரியாஸ்பத்திரியில் எலும்பு முறிவுப் பிரிவும் நரம்பு அறுவைப் பிரிவும் இருக்கின்றன, கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். வரிசைதான் இல்லாத பொறுமையைக் கேட்கும். ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, ஸ்கேனுக்கு ஒரு தேதி, காப்பீட்டு அனுமதிக்கு ‘இன்னும் ஒரு ஜெராக்ஸ்’. தோப்பூரில் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில். அதை நம்பிக் காத்திருந்தவர்களின் டிஸ்க் எல்லாம் தானாகவே வற்றியிருக்கும். ஆனாலும் போங்கள். காலை ஏழரைக்குள் போய்விடுங்கள். ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோனால் போதாது, ஃபிலிமும் சி.டி.யும் வேண்டும். ஃபிலிமைப் பணம் கட்டியவரிடம் தர மாட்டேன் என்று ஸ்கேன் சென்டரில் சொன்னால் விடாதீர்கள், அது உங்களுடையது. குடும்ப அட்டை, ஆதார், காப்பீட்டு அட்டை, சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு.

ஆபரேஷன் ஆனால், இரண்டு மூன்று வாரத்தில் லேசான வேலை பார்க்கலாம். மூட்டைக்கு மூன்று மாதம் பக்கம் போகக் கூடாது, வண்டியைச் சர்ஜன் சொன்ன பிறகே எடுக்க வேண்டும். அதனால் தேதி குறிப்பதற்கு முன் மார்க்கெட்டில் ஏற்றி இறக்க ஒரு ஆளைப் பேசி வையுங்கள். அவருக்குக் கொடுக்க அந்த இருபதாயிரம் உதவும்.