"ஏய் கொரோனா" என்று கத்திய பையன்: தில்லித் தமிழர் கேள்விகளுக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்கள்

(ஏப்ரல் 2020)

மயூர் விஹாரிலிருந்து ஓர் அம்மா: அக்கா, என் பத்து வயது மகன் பால்கனியிலிருந்து கீழ்வீட்டு மிசோரம் பெண்ணைப் பார்த்து "ஏய் கொரோனா" என்று கத்திவிட்டான். முதுகில் இரண்டு வைத்தேன். போதாதா?

பதில்: போதாதும்மா. அவமானப்பட்ட அந்தப் பெண்ணுக்கு இதுவரை எதுவும் போய்ச் சேரவில்லையே. முகச்சாயலை வைத்து வடகிழக்கு மக்களைச் சீனர்களாக்கி, நோயை அவர்கள் தலையில் கட்டும் அந்தப் பேச்சு அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். ஊரடங்கு வந்ததிலிருந்து பெரியவர்கள் பேசுவதெல்லாம் பிள்ளைகள் காதில் விழுகிறது. வீட்டில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால், "நான் பேசியது தப்பு" என்று அவன் முன்னாலேயே ஒத்துக்கொள்ளட்டும். அப்புறம் மாஸ்க் போட்டுக்கொண்டு அவனோடு கீழே போங்கள். என்ன கத்தினான் என்பதை அவன் வாயாலேயே சொல்லி மன்னிப்புக் கேட்கட்டும். "சின்னப் பையன், தெரியாம சொல்லிட்டான்" என்று நீங்கள் குறுக்கே புகாதீர்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்தலாம், அது அவர் உரிமை. அதையும் பையனிடம் முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

முனீர்காவிலிருந்து ஒருவர்: எதிர்வீட்டு நாகா மாணவிகளைக் காலி செய்யச் சொல்கிறார் ஓனர். நாங்களும் வாடகைக்கு இருப்பவர்கள்.

பதில்: மாணவர்களையோ தொழிலாளர்களையோ கட்டாயப்படுத்தி வெளியேற்றும் ஓனர் மீது நடவடிக்கை எடுக்கலாம் என்று மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டிருக்கிறது. வடகிழக்கு மக்களுக்கென்று தில்லி போலீஸ் வைத்திருக்கும் உதவி எண் 1093. ஆனால் அந்தப் பெண்களைக் கேட்காமல் புகார் செய்யாதீர்கள், வீடியோவும் போடாதீர்கள். பின்விளைவு அவர்கள் தலையில்தான் விழும்.

கரோல் பாக்கிலிருந்து ஒரு மருமகள்: முஸ்லிம் காய்காரரிடம் வாங்கக் கூடாது என்று மாமனார் தினமும் ஃபார்வர்டு அனுப்புகிறார்.

பதில்: மார்ச்சில் தில்லி நிஜாமுதீனில் தப்லீக் ஜமாஅத் என்ற முஸ்லிம் அமைப்பு நடத்திய கூட்டத்துக்குப் போனவர்களில் பலருக்குத் தொற்று வந்தது உண்மை. அதற்கும் உங்கள் தெருக் காய்காரருக்கும் என்ன சம்பந்தம்? சாப்பாட்டு நேரத்தில் வாதாடாமல் தனியாகப் பேசுங்கள். "மாமா, தில்லிக்கு வந்த புதிதில் உங்களை மதராசி என்று ஒதுக்கினார்களா?" என்று கேட்டு, அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள். காயை அந்தக் காய்காரரிடமே வாங்குங்கள்.

கல்லூரி மாணவி ஒருவர்: வடகிழக்கு மக்களைக் கேலி செய்வதெல்லாம் நோய்ப் பயம், கொரோனா போனால் சரியாகிவிடும் என்கிறார் அப்பா.

பதில்: 2014 ஜனவரியில் ஏதம்மா கொரோனா? அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியாவின் முடியைக் கேலி செய்தார்கள், லஜ்பத் நகரில். அதில் எழுந்த தகராறில் அவரை அடித்தார்கள். மறுநாள் இறந்துபோனார். அதன்பின் மத்திய அரசு அமைத்த பெஸ்பருவா குழு, இனவெறிப் பேச்சுக்கும் செயலுக்கும் தனிச் சட்டப்பிரிவுகள் கேட்டது. இன்னும் வரவில்லை. அப்பாவுக்கு அந்த வழக்கு நினைவிருக்கும், கேட்டுப் பார்.