தோணிக்குள் தெரியும் கால்கள்: சித்திரம் வரைதல் பற்றிச் சில கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பெற்றோர் அனுப்பியவை. மிச்சம் சாதாரண தரத்துக்குச் சித்திரம் எடுக்கிற பிள்ளைகளுடையவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

என் மகனுக்கு ஆறு வயது. வாவியில் தோணி வரைந்தால் உள்ளே இருக்கிற ஆளின் கால், அடியில் கிடக்கிற மீன் எல்லாம் தெரிகிற மாதிரி வரைகிறான். பலகைக்குள்ளால் எப்படித் தெரியும் என்று கேட்டாலும் மாற்றுகிறான் இல்லை. கண்ணில் ஏதும் குறை இருக்குமா? (தாய், களுவாஞ்சிக்குடி)

கண்ணில் குறை இல்லை அம்மா. ஆறு வயதில் இப்படி வரையாத பிள்ளைகள்தான் குறைவு. பிரான்சில் ஜோர்ஜ்-ஆன்றி லூக்கே என்பவர் தன் மகள் வரைந்தவற்றை வருடக் கணக்காகச் சேர்த்துவைத்து, 1913இல் அவற்றைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சின்னப் பிள்ளை கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது என்பதுதான் அவர் கண்டது. தோணிக்காரருக்குக் கால் உண்டு என்று உங்கள் மகனுக்குத் தெரியும். பிறகு எப்படி அவன் அதை விடுவான்?

இதைச் சோதித்துப் பார்த்தும் இருக்கிறார்கள். 1972இல் ஃப்ரீமன், ஜானிகூன் என்ற இருவர் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு கோப்பையை வைத்தார்கள். கைபிடி பின்பக்கம் திரும்பியிருந்ததால் தெரியவில்லை. முன்பக்கம் ஒரு பூப் படம் நன்றாகத் தெரிந்தது. சின்னவர்கள் தெரியாத கைபிடியை வரைந்து, தெரிந்த பூவை விட்டுவிட்டார்கள். எட்டு வயதுப் பக்கம் வரும்போது இது தலைகீழானது. கைபிடி இல்லாவிட்டால் அது கோப்பை என்று எப்படித் தெரியும் என்பது சின்னப் பிள்ளையின் நியாயம். என்னைக் கேட்டால் அது நல்ல நியாயம்.

ஆனால் அந்த வயதில் முடியவே முடியாது என்றும் நினைக்க வேண்டாம். 1983இல் அலிசன் டேவிஸ் இரண்டு கோப்பைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றின் கைபிடி தெரிந்தது, மற்றதன் கைபிடி மறைந்திருந்தது. அப்போது நாலைந்து வயதுப் பிள்ளைகள்கூட மறைந்த கைபிடியை விட்டுவிட்டு வரைந்தார்கள். வித்தியாசத்தைக் காட்ட ஒரு காரணம் கிடைத்ததும் பிள்ளை கண்ணுக்குத் தெரிவதை வரையத் தொடங்குகிறது. மோரீன் கொக்ஸ் என்பவர் பொலிஸுக்குப் பயந்து மதிலுக்குப் பின்னால் ஒளிக்கிற கள்ளனை வரையச் சொன்னபோதும் இதுதான் நடந்தது. தலை மட்டும் தெரிகிற கள்ளனைச் சின்னவர்களும் வரைந்தார்கள்.

ஆகவே திருத்தாதீர்கள். ஒரு நாள் வேறு மாதிரிக் கேட்டுப் பாருங்கள்: “அண்ணனுக்குத் தெரியாமல் தம்பி தோணிக்குள்ளே குனிந்து ஒளித்திருக்கிறான், அதை வரை மகன்.” அவன் என்ன செய்கிறான் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

மகளுக்கு மூன்றரை வயது. வாப்பாவை வரைந்தாள். பெரிய தலை, அதிலிருந்து நேரே இரண்டு கால். உடம்பே இல்லை. (உம்மா, காத்தான்குடி)

உலகம் முழுக்க அந்த வயதுப் பிள்ளைகள் மனிதரை இப்படித்தான் வரையத் தொடங்குகிறார்கள். உடம்பு இல்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவளைக் கேட்டால் இருக்கும். “வாப்பாவின் தொப்புள் எங்கே, ஒரு புள்ளி வை” என்று சொல்லிப் பாருங்கள். சில பிள்ளைகள் அந்த வட்டத்துக்குள் வைப்பார்கள், சிலர் இரண்டு கால்களுக்கும் நடுவில் வைப்பார்கள். அவள் உடம்பை எங்கே நினைத்திருக்கிறாள் என்று அதிலிருந்து தெரியும். தாளில் திகதியை எழுதி, பத்திரமாக வையுங்கள்.

பாலர் பாடசாலையில் மனிதர் படம் வரையச் சொல்லி, அதைப் பார்த்துப் பிள்ளையின் புத்தியை மதிப்பிடலாம் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். உண்மையா? (ஆசிரியை, திருக்கோவில்)

பழைய யோசனை அது, ரீச்சர். 1926இல் அமெரிக்காவில் ஃப்ளோரன்ஸ் குடினஃப் உருவாக்கினார். கண் இருக்கா, மூக்கு இருக்கா, விரல் இருக்கா என்று எண்ணிப் புள்ளி போடுவது. படம் அழகா என்பது அதில் கணக்கே இல்லை.

புத்தியோடு தொடர்பு இருக்கத்தான் செய்கிறது, ஆனால் மெல்லியது. 2014இல் வெளிவந்த ஒரு பிரித்தானிய ஆய்வில் 7,752 இரட்டையர் சோடிகள், அதாவது 15,504 பிள்ளைகள், நாலு வயதில் வரைந்த மனிதர் படங்களைப் பார்த்தார்கள். அந்தப் புள்ளிக்கும் அதே வயதில் எடுத்த அறிவுச் சோதனைக்கும் இடையில் இணைபு 0.33 (முழுக்க ஒத்துப்போனால் 1, தொடர்பே இல்லாவிட்டால் 0). பதினாலு வயதுச் சோதனையோடு பார்த்தால் 0.20. ஆயிரக் கணக்கான பிள்ளைகளைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் இது தெரியும். உங்கள் முன்னால் இருக்கிற ஒரு பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நியூசிலாந்தில் 2013இல் இந்தச் சோதனையை முழு அறிவுச் சோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்களும், புத்தியை அளக்க இதை நம்ப வேண்டாம் என்றே முடித்தார்கள். தயவுசெய்து எந்தப் பெற்றோரிடமும் படத்தைக் காட்டி “பிள்ளை பின்தங்கியிருக்கு” என்று சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல் வீட்டுக்குப் போய் நெடுநாள் நிற்கும்.

சின்ன வயதில் சுவர் முழுக்க வரைந்த மகன், தரம் 6க்கு வந்ததும் பென்சிலைத் தொடுகிறான் இல்லை. கேட்டால் “எனக்கு வராது” என்கிறான். (தந்தை, வாழைச்சேனை)

ஒன்பது, பத்து, பதினொரு வயதில் இது நிறையப் பேருக்கு வருகிறது. பிள்ளையின் கண் கையை முந்திவிடுகிறது. தன் மாடு மாடு மாதிரி இல்லை என்று இப்போது அவனுக்கே தெரிகிறது, ஆனால் மாடு மாதிரி வரைய யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஜோன் வில்லட்ஸ் என்பவர் 1977இல் ஐந்து வயதிலிருந்து பதினேழு வயது வரையான 108 பேரை ஒரு மேசையை வரையச் சொன்னார். சின்னவர்கள் மேற்பலகையை ஒரு நீள்சதுரமாகவோ வெறும் கோடாகவோ போட்டார்கள். இடைப்பட்ட வயதுப் பிள்ளைகள் சாய்வுக் கோடுகளுக்கு வந்தார்கள். தூரம் போகப் போகக் கோடுகள் நெருங்கி ஒன்றுசேர்கிற முறைக்குப் பெரிய பிள்ளைகளிலும் கொஞ்சப் பேர்தான் போனார்கள். தலைமயிர் வளர்வது போல அது தானாக வளராது.

ஹவார்ட் கார்ட்னர், எலன் வின்னர் போன்ற உளவியலாளர்கள் வேறொன்று சொன்னார்கள். சின்ன வயது ஓவியத்தில் இருக்கிற உயிர்ப்பு உங்கள் மகனின் வயதுப் பக்கம் இறங்கி, தொடர்ந்து வரைகிறவர்களிடம் மட்டும் திரும்ப ஏறுகிறது என்றார்கள். ஆனால் மொன்றியலில் சீனப் பின்னணி கொண்டவர்களை நடுவர்களாக வைத்துப் பார்த்தபோது அந்த இறக்கம் தெரியவில்லை. வயது ஏற ஏற, திறமை கூடக் கூட, அவர்கள் கூடிய புள்ளி போட்டார்கள். எது நல்ல படம் என்று யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் இறக்கமும் ஏற்றமும். உங்கள் மகனுக்கு இப்போது வேண்டியது திறமை. “நீ சின்ன வயசில எவ்வளவு வடிவா வரைஞ்சாய்” என்ற பேச்சு அவனுக்கு உதவாது. ஒரு மாட்டின் காலில் முட்டு எங்கே மடிகிறது என்று கூட இருந்து பார்க்கிற ஆள் உதவுவார்.

சாதாரண தரத்துக்குச் சித்திரம் எடுக்கிறேன், சேர். பொருட்களை அடுக்கி வைத்து வரையச் சொன்னால் எல்லாம் கோணல். என் கை சரியில்லையா? (மாணவன், கல்முனை)

கையைக் குறை சொல்லாதீர்கள் தம்பி. இதே கேள்வியைத்தான் 1997இல் டேல் கோஹன், சூசன் பெனற் இருவரும் எடுத்தார்கள்: பார்ப்பதை ஏன் பெரும்பாலானோரால் வரைய முடியவில்லை? பிழை நாலு இடத்தில் நடக்கலாம் என்று பிரித்தார்கள். பொருளைப் பிழையாகப் பார்ப்பது, எதைப் போடுவது எதை விடுவது என்ற முடிவில் தவறுவது, கை சொன்னபடி அசையாதது, தான் வரைந்ததைத் தானே சரியாகப் பார்க்காதது. ஒரு புகைப்படத்தின் மேல் தாளை வைத்து அதன் கோடுகளை அப்படியே பின்பற்றி வரையச் சொன்னபோது, வரையத் தெரியாதவர்களும் நன்றாகவே செய்தார்கள். ஆகவே கை வேலை செய்கிறது. பிழையின் பெரும் பங்கு பொருளைப் பார்ப்பதிலேயே நடக்கிறது என்பது அவர்கள் முடிவு.

வீட்டில் ஒரு வெற்றிலை வட்டா இருந்தால் மேசையில் வைத்து, கதிரையில் இருந்து பாருங்கள். அதன் வாய் வட்டம் என்று உங்களுக்குத் தெரியும். அந்த அறிவுதான் இடைஞ்சல். முதலில் அளக்காமல் வரையுங்கள். பிறகு கையை முழுசாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் வாயின் அகலத்தைப் பெருவிரலில் பிடியுங்கள். பென்சிலை நிமிர்த்தி, வாயின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையிலான உயரம் அந்த அகலத்துக்குள் எத்தனை தரம் போகிறது என்று பாருங்கள். மூன்றோ நாலோ வரும். நீங்கள் வரைந்ததில் இரண்டுதான் இருக்கும். சாய்ந்த தட்டை மனிதர்கள் இருப்பதைவிட வட்டமாகவே எடுத்துக்கொள்கிறார்கள் என்று 1931இலேயே ரொபர்ட் தௌலெஸ் காட்டினார்.

ஓவியர்களுக்கு இந்த மயக்கம் இல்லையோ என்றால், அப்படியும் சொல்ல முடியாது. 2011இல் பெர்ட்ரோ, கவனா என்ற இருவர் ஓவியர்களையும் மற்றவர்களையும் சோதித்தார்கள். ஓவியர்களின் கண்ணும் அதே மாதிரித்தான் ஏமாந்தது. அவர்களிடம் வேறாக இருப்பது வேலை செய்கிற முறை. ஹம்ப்ரி ஓஷன் என்ற பிரித்தானிய ஓவியரின் கண் அசைவைப் பதிந்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், வரையும்போது அவர் பார்வை முகமெல்லாம் அலையவில்லை. ஒரு சின்ன இடத்தில் நிற்கும், தாளுக்கு வரும், அந்தத் துண்டை மட்டும் போடும், திரும்பப் போகும். கோஹன் 2005இல் கண்டதும் இதோடு ஒத்துப்போகிறது. பொருளுக்கும் தாளுக்கும் இடையில் அடிக்கடி கண்ணை மாற்றுகிறவரின் படம் கூடச் சரியாக வருகிறது. நீண்ட நேரம் பார்த்து மனதில் பிடித்து வைத்து வரைந்தால், அந்த இடைவெளிக்குள் தெரிந்த வட்டம் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும்.

கல்லடியில் பழைய இரும்புப் பாலத்துக்கு ஒரு பின்னேரம் போனால், ஒரு முனையில் நின்று தூண்களைப் பாருங்கள். கிட்ட இருக்கிற இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, நடுப் பாலத்தில் எவ்வளவு என்று பென்சிலைப் பிடித்து ஒப்பிடுங்கள். பரீட்சைக் கொப்பிகளில் நான் பார்க்கிற பாலங்களில் பெரும்பாலும் தூண் சிறுக்கும், இடைவெளி மட்டும் சிறுக்காது. முகம் வரைகிறீர்கள் என்றால் இன்னொன்று: கண் தலையின் நடு உயரத்தில் இருக்கிறது. புதிதாக வரைகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் அதை மேலே ஏற்றிவிடுவார்கள். கண்ணாடியின் முன் நின்று விரலால் அளந்து பாருங்கள்.

மகள் ஃபோனில் வருகிற கார்ட்டூனைப் பார்த்தே வரைகிறாள். சித்திர ரீச்சர் பார்த்து வரையக் கூடாது என்கிறார். (தாய், ஏறாவூர்)

ரீச்சரோடு இதில் நான் உடன்படவில்லை. 1970களில் பிரென்ட் வில்சன், மார்ஜரி வில்சன் இருவரும் பெரிய பிள்ளைகளின் படங்கள் எங்கிருந்து வருகின்றன என்று தேடியபோது, பெரும்பாலானவை வேறு படங்களிலிருந்துதான் வந்தன. ஜப்பானியப் பிள்ளைகள் கதை சொல்லி வரைவதில் கெட்டிக்காரராக இருப்பதற்கு மங்கா என்கிற அவர்களின் சித்திரக் கதைகள் ஒரு காரணம். எங்கு பார்த்தாலும் அவர்களுக்குப் பார்த்து வரைய நல்ல மாதிரிகள் கிடைக்கின்றன. தடுக்க வேண்டாம். ஆனால் கார்ட்டூனில் கோட்டை வேறு யாரோ ஏற்கெனவே தெரிந்தெடுத்துவிட்டார். எதை விடுவது என்ற முடிவை அவள் எடுக்க வேண்டுமானால், முன்னால் ஒரு உண்மையான பொருள் வேண்டும். இரண்டும் நடக்கட்டும்.

வலது பக்க மூளை உள்ளவர்களுக்குத்தான் சித்திரம் வருமாமே?

இல்லை. 2014இல் லண்டனில் ரெபெக்கா சேம்பர்லினும் கூட்டாளிகளும் 44 பேரின் மூளைப் படங்களைப் பார்த்தார்கள். பார்த்து வரைகிற திறமையோடு சேர்ந்துபோன இரண்டு இடங்களில் ஒன்று இடது பக்கச் சிறுமூளையில், மற்றது வலது பக்க முன்மூளையில் இருந்தது. இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. அது பிறவியில் வந்ததா, பயிற்சியால் வந்ததா என்று அந்த ஆய்வால் பிரிக்க முடியாது.

மகனுக்கு ஓட்டிசம். ஐந்து வயது, பேச்சு இல்லை. ஆனால் பஸ்ஸை அப்படியே வரைகிறான். பேச்சுப் பயிற்சி கொடுத்தால் இந்தத் திறமை போய்விடும் என்று ஒருவர் சொன்னார். பயமாக இருக்கிறது. (தந்தை, அக்கரைப்பற்று)

அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1967இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் பிறந்த நாடியா என்ற பிள்ளை மூன்றரை வயதில் ஓடுகிற குதிரைகளை வரைந்தாள். வளர்ந்தவர்களுக்கே கடினமான கோணங்கள் அவை. லோர்னா செல்ஃப் 1977இல் அவளைப் பற்றி எழுதினார். பிறகு அவளுக்குக் கொஞ்சம் பேச்சு வந்தது, வரைவது குறைந்தது. ஒன்று வந்ததால்தான் மற்றது போனது என்று சிலர் முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆனால் ஸ்டீபன் வில்ட்ஷயரைப் பாருங்கள். 1974இல் லண்டனில் பிறந்தவர், அவருக்கும் ஓட்டிசம். சின்ன வயதில் பேச்சில்லை. பேச்சும் வந்தது, ஓவியமும் வளர்ந்தது. 2005இல் ஹெலிகொப்டரில் ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, டோக்கியோ நகரத்தைப் பத்து மீற்றர் நீளத் துணியில் ஞாபகத்திலிருந்து வரைந்தார். அவர் முதலில் சொன்ன சொல்லே பேப்பர் என்பதுதான் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம் ஐயா. நல்ல தாளும் பென்சிலும் எப்போதும் அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். பயிற்சி கொடுப்பவரிடம் அந்த பஸ் படங்களைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். டயர், கதவு, ஜன்னல் என்று சொல்லத் தொடங்க அதைவிட நல்ல பொருள் அவருக்குக் கிடைக்காது.

ஓய்வு பெற்றுவிட்டேன், வயது 63. இனிப் பழகலாமா? கை கொஞ்சம் நடுங்கும். (பொத்துவில்)

பழகலாம். மேலே கல்முனைத் தம்பிக்குச் சொன்ன அளக்கும் முறை உங்களுக்கும் அதேதான். நடுக்கத்துக்கு: பென்சிலை எழுதுகிற மாதிரி நுனியில் பிடிக்காமல் நடுவுக்கு மேலே பிடியுங்கள். தாளைப் பலகையில் குத்தி நிமிர்த்தி வைத்து, தோளிலிருந்து கையை அசையுங்கள். சின்னக் கொப்பி வேண்டாம், பெரிய தாள் வேண்டும். கரித்துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது, கோடு கொஞ்சம் அசைந்தாலும் விரலால் தேய்த்துச் சேர்க்கலாம். ஒரே தேங்காயைக் கிழமைக்கு ஒரு தரம், ஒரே இடத்தில் வைத்து வரைந்து திகதி போடுங்கள். பன்னிரண்டு சேர்ந்ததும் முதலாவதையும் கடைசியையும் படமெடுத்து அனுப்புங்கள். அடுத்து எதை வரைவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.