ஒரே அடுப்பு, இரண்டு எண்ணெய்

திருச்சி வாசகி ஒருவரின் கடிதம்: "வீட்டில் ஐந்து பேர். பூச்சிமருந்து, கலப்படம் இல்லாத சாப்பாட்டுக்கு மாற ஆசை. எல்லாவற்றையும் ஆர்கானிக் கடையில் வாங்கினால் கணவர் சம்பளம் தாங்காது. மாதம் 6 லிட்டர் எண்ணெய் ஆகிறது. எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் செக்கு எண்ணெய், மாமியாருக்கு மட்டும் பாக்கெட் எண்ணெயில் தனியாகச் செய்துவிடுகிறேன். இன்னும் எதில் மிச்சம் பிடிக்கலாம்?"

பதில்: ஏற்கெனவே மிச்சம் பிடித்த இடத்தை முதலில் பார்ப்போம். பாக்கெட் எண்ணெய் விஷம் என்று நான் சொல்லவில்லை, அப்படி நம்புகிறவர் நீங்கள். நம்பிக்கொண்டே அதை வீட்டில் ஒரே ஒருவருக்கு மட்டும் ஊற்றுகிறீர்கள், அதையும் போகிற போக்கில் ஒரு வரியாக எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டீர்கள். செக்குக் கடலை எண்ணெயில் கடுகு வெடித்தால் வாசல்வரை மணக்கும். தன் தட்டுக்கு வருவது அந்தத் தாளிப்பு இல்லை என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? உங்கள் கணவருக்குத் தெரியுமா? தெரிந்தும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாரா? வயதானவருக்கு இனி என்ன ஆகிவிடப் போகிறது என்ற நினைப்பு இருந்தால் அதை இன்றே விட்டுவிடுங்கள். கஞ்சியோ கறிசோறோ, ஒரு கூரைக்குக் கீழே எல்லாருக்கும் ஒன்றுதான். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

சரி, பணம். ஐந்து பேருக்கு 6 லிட்டர் ரொம்ப அதிகம். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்பதுதான் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு, அப்படிப் பார்த்தால் இரண்டரை லிட்டர் போதும். பொரியலுக்கு ஊற்றும் கையைச் சுருக்கி, அப்பளம், வடையை வாரம் ஒருநாள் என்று வைத்துக்கொண்டால் இப்போது இரண்டு எண்ணெய்க்கும் கொடுக்கிற காசுக்குள்ளேயே ஐந்து பேருக்கும் செக்கு எண்ணெய் வந்துவிடும்.

காய்கறி அத்தனையும் ஆர்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. காலிஃபிளவர், திராட்சை, கத்திரிக்காய் மாதிரி மருந்து அதிகம் அடிக்கிறவற்றைக் குறையுங்கள். தென்னூர் உழவர் சந்தைக்குக் காலையிலேயே போனால் வாழைத்தண்டு, வாழைப்பூ, சேனை எல்லாம் கிடைக்கும், விளைவித்தவரே எதிரில் உட்கார்ந்திருப்பதால் கடைசியாக எப்போது மருந்து அடித்தீர்கள் என்று கூச்சப்படாமல் கேட்கலாம். கறிவேப்பிலைக்கு ஒரு தொட்டி வையுங்கள். கேரளத்துச் சோதனைகளில் பூச்சிமருந்தோடு திரும்பத் திரும்பச் சிக்கிய பொருள் அது. லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் சமையல் சோடா போட்டு அதில் காய், பழங்களை 15 நிமிடம் ஊறவைத்தால் தோல்மேல் இருக்கும் மருந்து பெரும்பாலும் போகும் என்று 2017-ல் அமெரிக்காவில் ஆப்பிளை வைத்துச் செய்த ஆய்வு சொன்னது. உள்ளே இறங்கியது போகாது, அதற்குத் தோலைத்தான் சீவ வேண்டும்.

அப்புறம் மசாலா. உதிரியாக விற்கும் மஞ்சள்தூளில் நிறத்துக்காக ஈயக் குரோமேட் என்ற நச்சு நிறமி கலப்பதும் மிளகாய்த்தூளில் ‘சூடான்’ (Sudan) என்ற செயற்கைச் சாயம் கலப்பதும் பழைய மோசடி. பளபளப்பு ஏற்றாத விரலி மஞ்சள், முழு மல்லி, காம்போடு மிளகாய் வாங்கி மொட்டைமாடியில் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்தால் காசும் மிச்சம், பயமும் இல்லை. மல்லிக்கு எவ்வளவு மிளகாய், எத்தனை நாள் வெயில், எந்தப் பதத்தில் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் எந்த ஆர்கானிக் கடைக்காரரையும்விட உங்கள் மாமியாருக்கு நன்றாகத் தெரியும். எந்த அறிவு வேண்டும் என்று எனக்குக் கடிதம் போட்டீர்களோ, அது உங்கள் வீட்டுக்குள்ளேயே தனிச் சட்டியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

மாசி, பங்குனியில் புது மிளகாய் வரத்து இருக்கும். எவ்வளவு வாங்க வேண்டும் என்று அவரைக் கேட்டு, சந்தைக்கும் அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கு முன்னால், இன்றைக்கு ராத்திரியே எல்லாருக்கும் ஒரே வாணலியில் தாளித்துவிடுங்கள்.